ஐந்து லோடு போதும் என்றார்கள்

கந்தவேல் அண்ணனைக் கஞ்சர் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். டீக்கடையில் நாலு பேர் நின்றால் நாலு பேருக்கும் அவர்தான் காசு கொடுப்பார். அவருடைய சிக்கனமெல்லாம் சூட்டின்மேல்தான். அடுப்பில் ஒரு பாத்திரம் மூடியில்லாமல் கொதித்தால் அவருக்குப் பொறுக்காது. என் கல்யாணத்தில் சமையல்கட்டுக்குள் புகுந்து, சாம்பார் அண்டாவைத் தாம்பாளத்தால் மூடிவிட்டு வந்தார். சமையல் மாஸ்டர் கரண்டியோடு துரத்த, "சூடு சும்மா போகுதுய்யா" என்று சண்டை வேறு.

பாலசமுத்திரத்துக்கு வெளியே, மலையைப் பார்த்தபடி இருக்கும் எங்கள் எண்ணெய் மில்லில் அவர் பாய்லர் ஆபரேட்டர். நான் அங்கே லேபில் இருக்கிறேன். பிழிந்த புண்ணாக்கில் இன்னும் எவ்வளவு எண்ணெய் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்ப்பது என் வேலை. ஜோதிமணி என்று எனக்கு ஒரு பெயர் இருப்பது சம்பள நாளில்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். மற்ற நாளெல்லாம் 'தாயி'தான்.

எண்ணெய் மில் என்றால் செக்கு சுற்றும் இடம் என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. எங்கள் மில்லில் சுற்றுவதைவிட வேகிறதுதான் அதிகம். நிலக்கடலைப் பருப்பைச் சூட்டறையில் காய வைக்க வேண்டும், நீராவியில் பக்குவமாக வேக வைக்க வேண்டும், அப்புறம்தான் பிழிய முடியும். பிழிந்த புண்ணாக்கில் மிஞ்சும் எண்ணெயையும் விடுவதில்லை, அதை எடுக்கவும் நீராவிதான். இதற்காக இரண்டு பாய்லர்கள். இரண்டும் கடலைத் தோலைத் தின்னும். எவ்வளவு போட்டாலும் யானைப் பசிக்குச் சோளப்பொரி. ஒரு நாளைக்கு ஆறு டிராக்டர் லோடு தோல் உள்ளே போகும், சாம்பல் மட்டும் வெளியே வரும்.

பெரிய பாய்லர் கந்தவேல் அண்ணனுடையது. சின்னது சேனாதிபதி அண்ணனுடையது. இரண்டு பேரும் ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர்கள், இருபத்திரண்டு வருஷமாக ஒரே தூக்குச்சட்டியில் சாப்பிட்டவர்கள். பேருக்குத்தான் சேனாதிபதி. ஆள் மூங்கில் குச்சி. குளிர் என்றால் அப்படி ஒரு பயம். மார்கழி பிறந்துவிட்டால் காதைச் சுற்றி மப்ளர் கட்டிக்கொண்டு பாய்லரை விட்டு நாலடி நகர மாட்டார். "உங்க வீட்டுக்காரருக்கு நீங்க ரெண்டாந்தாரம், பாய்லர்தான் மூத்தவ" என்று அவர் மனைவி பிச்சையம்மாளை நானே எத்தனையோ தரம் கேலி செய்திருக்கிறேன்.

போன வருஷம் தை மாதம் முதலாளி இராமலிங்கம் எங்கள் எல்லோரையும் எடைமேடைக்குப் பக்கத்தில் கூட்டினார். தோல் விலை ஏறிவிட்டது, இப்படியே போனால் ஆடியோடு மில்லை மூடிவிடுவேன் என்றார். மனுஷர் பொய் சொல்லவில்லை. பக்கத்து ஊர்களில் இரண்டு மில்கள் அப்படி மூடிக் கிடந்தன.

மதுரையிலிருந்து சந்தோஷ்குமார் என்ற இன்ஜினியர் வந்தார். சூட்டைப் படம் பிடிக்கும் கேமரா ஒன்று வைத்திருந்தார். எங்கே சூடு வெளியேறுகிறதோ அந்த இடம் படத்தில் சிவப்பாகத் தெரியும். நீராவிக் குழாய், வால்வு, சூட்டறைக் கதவு என்று வரிசையாகக் காட்டினார். எல்லாம் ரத்தச் சிவப்பு. கந்தவேல் அண்ணன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டுக் கண் கலங்கிப்போனார்.

"இத்தன வருசமா இப்படியா எரிஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு? நானும் இங்கனயேதான நின்னேன்?"

"ஆறு லோடு போகுது. கவனமா செஞ்சா அஞ்சுல முடிக்கலாம்" என்றார் இன்ஜினியர்.

"அஞ்சுக்குக் கொண்டாந்துருங்கப்பா" என்றார் முதலாளி. "மில்லு ஓடும். ஒருத்தரையும் அனுப்ப மாட்டேன். இது நான் முருகன் சாட்சியாச் சொல்றது."

அன்றிலிருந்து கந்தவேல் அண்ணனைப் பிடிக்க முடியவில்லை. திருப்புளியின் முனையைக் குழாயில் வைத்து, கைப்பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டு மில் முழுக்கத் திரிந்தார். உள்ளே நீராவி வீணாக ஓடினால் அந்தச் சத்தத்தில் தெரிந்துவிடும். பார்க்கிறவர்களுக்குப் பைத்தியம் பிடித்த டாக்டர் மாதிரி இருக்கும். சாக்கடையில் ஆவி பறக்க ஓடிக்கொண்டிருந்த வெந்நீரைத் திருப்பி பாய்லருக்கே கொண்டுபோனார்கள். குழாய்களுக்குக் கண்ணாடிப் பஞ்சு சுற்றித் தகரம் போர்த்தினார்கள். அதற்கெல்லாம் இன்ஜினியர் வழி சொன்னார். சூட்டறைக் கதவுக்கு மட்டும் வழி சொன்னது கந்தவேல் அண்ணன்.

அந்தக் கதவுக்கும் தரைக்கும் நடுவே நாலு விரல் இடுக்கு. ரப்பர் வைத்துப் பார்த்தார்கள், சூட்டில் உருகிவிட்டது. அவர் ஒரு பழைய கோணிச் சாக்கை எடுத்துத் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, பாய் சுருட்டுகிற மாதிரி இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையையும் உள்ளே மடித்துச் செருகி, இடுக்கில் வைத்து உள்ளங்காலால் மிதித்தார். ஈரச் சாக்கு தரையோடு தரையாக ஒட்டிக்கொண்டது.

"முனைய மடிக்காம விட்டா அங்கனக்குள்ள பிரிஞ்சுரும், பாத்துக்க" என்று சேனாதிபதி அண்ணனுக்குக் காட்டிக் கொடுத்தார்.

"ஏலே, எனக்கே பாடமா? சாக்குச் சுருட்டுறதுக்குமா பரீட்சை வைப்ப?" என்று அவர் சிரித்தார். ஆனால் ஒரே வாரத்தில் கந்தவேல் அண்ணனைவிட நன்றாகச் சுருட்டப் பழகிவிட்டார். ஷிப்டுக்கு மூன்று தரம் அந்தச் சாக்கை நனைத்து வைப்பது அவர் வேலையாகிப்போனது.

சித்திரையில் ஐந்து லோடுக்கு வந்துவிட்டோம். மில் தப்பித்தது. முதலாளி பஞ்சாமிர்த டப்பா வாங்கி எல்லோருக்கும் கொடுத்தார். இன்ஜினியர் கை குலுக்கிவிட்டு மதுரைக்குப் போய்விட்டார்.

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஐந்து போதும் என்றுதானே சொன்னார்கள்! ஆனால் கந்தவேல் அண்ணனுக்கு ருசி கண்டுவிட்டது. "இன்னும் அரை லோடு இருக்கு தாயி, எங்கயோ ஒளிஞ்சுக்கிட்டுப் போக்குக் காட்டுது" என்று லேபில் வந்து சொல்வார். வேகவைக்கும் சூட்டைக் கொஞ்சம் குறைத்தாலும் எண்ணெய் குறையவில்லை என்று சோதித்துச் சொன்னவள் நான்தான். எனக்கும் அந்த விளையாட்டுப் பிடித்திருந்தது. சேனாதிபதி அண்ணன் லீவு நாளிலும் வந்து கூட நின்றார். நண்பன் ஜெயிக்க வேண்டும் என்று அவருக்கு அத்தனை ஆசை. ஆடிப் பதினெட்டுக்குள் நாலு லோடு. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொள்வதை இவ்வளவு சந்தோஷமாகச் செய்த இரண்டு பேரை நான் பார்த்ததில்லை.

நாலு லோடை எரிக்கப் பெரிய பாய்லர் ஒன்றே போதும். இதைக் கணக்குப் போட முதலாளிக்குப் பத்து நாள் ஆனது.

பாய்லர் அறைக்கு வந்து சொன்னார். நான் எதற்கோ அங்கே நின்றிருந்தேன். "சின்னத நிறுத்திரலாம்ப்பா. ஒண்ணு போதும்னு நீங்களே காட்டிட்டீங்களே. ஒரு ஆளு போதும். கந்தவேலு பாய்லர் பரீட்சை பாஸ் பண்ணுனவன், சேனாவுக்கு அந்தச் சீட்டு இல்ல. நான் என்ன பண்ணட்டும்?"

முருகன் சாட்சியாகச் சொன்னதை யாரும் ஞாபகப்படுத்தவில்லை. கந்தவேல் அண்ணன் வாயைத் திறந்தார். நான் பார்த்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டார். அவர் மகள் லாவண்யா நர்சிங் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். நானும் பேசவில்லை. எனக்கும் வீடு இருக்கிறது, காரணம் இருக்கிறது. எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, மப்ளரைத் தோளில் போட்டுக்கொண்டு சேனாதிபதி அண்ணன்தான் பேசினார்.

"விடுங்க மொதலாளி. ரெண்டு பேருல ஒருத்தன்னா அவன்தான் இருக்கணும். நல்ல வேலைக்காரன்."

ஆவணியில் அவருக்கு வட்டக்கானலில் ஒரு விருந்தினர் விடுதியில் வேலை கிடைத்தது. பாய்லர் தெரிந்த ஆள் வேண்டுமென்றார்களாம். பாய்லர் என்ன பாய்லர், விறகு போட்டு டூரிஸ்டுகளுக்குக் குளிக்க வெந்நீர் காய்ச்சும் தொட்டி. வெயிலில்கூட மப்ளர் கட்டுகிற மனுஷன் கொடைக்கானலையும் தாண்டிப் போய் உட்கார்ந்தார். பிச்சையம்மாள் காட்டு வேலைக்குப் போய்க்கொண்டு ஊரிலேயே இருந்தார். தினமும் சாயங்காலம் போன். தங்கியிருப்பது தகரக் கூரை போட்ட ஒரு சின்ன அறை, கதவுக்குக் கீழே காற்று ஊசி மாதிரி குத்துகிறது என்று மனைவியிடம் புலம்புவார். கந்தவேல் அண்ணனிடம் மட்டும் புலம்ப மாட்டார். "மேல சோலி கம்மிடா, ஜாலியா இருக்கேன்" என்பார்.

ஆயுத பூஜைக்கு இறங்கி வந்தார். நேராகப் பாய்லர் அறைக்குப் போய், யாரும் கேட்காமலே சின்ன பாய்லரைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். மாலை போட்டுவிட்டு உள்ளங்கையை அதன்மேல் வைத்தார்.

"ஜில்லுன்னு கெடக்குடா கந்தா" என்றார். கந்தவேல் அண்ணன் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே நினைப்பு. சேனாவைத் திரும்பக் கொண்டுவர வேண்டும். வாரம் தவறாமல் முதலாளி முன்னால் போய் நிற்பார். பருத்திக்கொட்டையும் அரைக்கலாம், அதற்குச் சின்ன பாய்லரை ஏற்றலாம் என்பார். முதலாளி எரிந்து விழுவார், இவர் அடுத்த வாரமும் போவார். அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும் என்பது சரிதான். மார்கழி இரண்டாம் வாரம் ஒரு புதன்கிழமை அம்மி நகர்ந்தது. பருத்திக்கொட்டை ஆர்டர் வந்திருந்தது.

"தை பொறந்ததும் சின்னத ஏத்துறோம். சேனாவ இப்பவே வரச் சொல்லு. அவனே வந்து சுத்தம் பண்ணி வைக்கட்டும்" என்றார் முதலாளி.

கந்தவேல் அண்ணன் லேபுக்கு ஓடிவந்தார். ஐம்பத்து மூன்று வயது மனுஷர் மூச்சிரைக்க நின்று சிரித்ததை இப்போதும் என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"போனப் போட்டுச் சொல்லுங்கண்ணே, வெரசா" என்றேன்.

"போன்லயா? ஞாயித்துக்கெழம எனக்கு லீவு தாயி. வெள்ளனே மொத பஸ்ஸப் புடிச்சு நேர்ல போயிச் சொல்லணும். அவன் மூஞ்சியப் பாக்கணும். நான்தான அனுப்புனேன், நான்தான் போயிக் கூட்டியாரணும்."

அதுவும் நியாயம்தான் என்று எனக்குப் பட்டது. நாலே நாள். "பஞ்சாமிர்தம் வாங்கிட்டுப் போங்க" என்று நானும் சேர்ந்துகொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் லேபுக்கு வந்தவர் சின்னப் பிள்ளை மாதிரி ரகசியம் பேசினார். "நேத்து சாயங்காலம் சேனா போன் போட்டான் தாயி. எடுக்கல. எடுத்தா ஒளறிருவேன்." சொல்லி வாய் மூடவில்லை, கையிலிருந்த போன் அடித்தது. சேனா என்று பெயர் வந்தது. "பாரு, திரும்பப் போடுறான். இதையும் எடுக்கலைன்னா கோவிச்சுக்குவான்" என்று சிரித்துக்கொண்டே எடுத்தார்.

பேசியது சேனாதிபதி அண்ணன் இல்லை. விடுதிச் சமையல்காரர். காலையில் வெந்நீர் வரவில்லையே என்று போய்க் கதவைத் தட்டினார்களாம். திறக்காமல் போகவே முட்டித் தள்ளினார்களாம்.

மில் ஜீப்பில் நாங்கள் மூன்று பேர் மலை ஏறினோம். பிச்சையம்மாளிடம் உடம்புக்கு முடியவில்லை என்று மட்டும் சொல்லியிருந்தோம். அவர் வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு, "சளியாத்தான் இருக்கும், அவருக்குக் குளிரு ஒத்துக்காது" என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கம்பளியையும் எடுத்து மடியில் வைத்திருந்தார். பெருமாள்மலை தாண்டியதும் எதிரே வருகிற வண்டி தெரியாத அளவுக்கு மூடுபனி. முந்தின ராத்திரி புல்லெல்லாம் உறைபனி படிந்திருந்ததாக டிரைவர் யாரிடமோ கேட்டுச் சொன்னார்.

உடலை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிச்சையம்மாளோடு நான் அங்கே இறங்கிக்கொண்டேன். அந்த அழுகையை நான் எழுதப் போவதில்லை. துணிமணி எடுத்து வரக் கந்தவேல் அண்ணன் விடுதிக்குப் போனார். வெகு நேரமாகியும் வரவில்லை. நான் தேடிக்கொண்டு போனேன்.

அந்த அறை ஒரு ஆள் படுத்துப் புரளும் அளவுதான் இருந்தது. ஜன்னல் சந்தெல்லாம் செய்தித்தாள் ஒட்டி அடைத்திருந்தது. நடுவில் ஒரு இரும்புச் சட்டி, அதில் ஆறிய கரிக்கங்கு. வெந்நீர் அடுப்பிலிருந்து அள்ளி வந்திருக்கிறார். கங்கில் புகை இல்லை. புகை இல்லாவிட்டால் பயமில்லை என்று நினைத்திருப்பார். மூடின அறைக்குள் கங்கு கிடந்தால் மூக்குக்குத் தெரியாத விஷம் ஒன்று நிறையும், தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோகும். இது எனக்குத் தெரியும். லேபில் அந்தப் பாடம் படித்துவிட்டுத்தான் வேலைக்கு வந்தேன். இருபத்திரண்டு வருஷம் நெருப்போடு வாழ்ந்தவருக்கு இதை யாரும் சொல்லவில்லை. பாய்லர் அறைக்குப் புகைபோக்கி இருந்தது, நாலு பக்கமும் திறப்பு இருந்தது, அங்கே சொல்ல வேண்டிய தேவையும் வரவில்லை.

கந்தவேல் அண்ணன் கதவோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில் ஒரு கோணிச் சாக்கு. கதவை முட்டித் திறந்தபோது ஒதுங்கியிருக்கிறது, ஆனால் பிரியவில்லை. பாய் மாதிரி இறுக்கிச் சுருட்டி, இரண்டு முனையும் உள்ளே மடித்துச் செருகியிருந்தது. தொட்டுப் பார்த்தேன். இன்னும் ஈரம்.

"முனைய மடிச்சிருக்கான் பாரு தாயி" என்றார்.

தை பிறந்ததும் சின்ன பாய்லரை ஏற்றினார்கள். யாரோ ஒரு புது ஆள் வந்தார். கந்தவேல் அண்ணன் வேலைக்கு வந்தார், போனார். சூட்டறைக் கதவுக்குக் கீழே சாக்கு இல்லாததை முதலாளிதான் முதலில் பார்த்தார்.

"என்ன கந்தவேலு, சூடு பூரா வெளிய போகுது?"

"போகட்டும் மொதலாளி."

முதலாளி கதவைக் குனிந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார். பின்னால் என்னிடம் வந்து என்ன விஷயம் என்று விசாரித்தார். நான் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த பிறகு ஒரு சாயங்காலம் கந்தவேல் அண்ணன் என்னைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு பிச்சையம்மாளைப் பார்க்கப் போனார். "புதன்கெழமையே வேலை வந்துருச்சுன்னு அவகிட்டச் சொல்லிரணும் தாயி. சொல்லாம என்னால சோறு திங்க முடியல" என்று வழியில் சொன்னார். வேண்டாம் என்று நான் தடுத்தேன். இனிச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது என்றேன். அவர் கேட்கவில்லை.

பிச்சையம்மாள் எங்களைப் பார்த்ததும் எழுந்து பாய் விரித்தார். இவர் தொண்டையைச் செருமுவதற்குள் அவரே பேச ஆரம்பித்துவிட்டார்.

"நீங்க வருவீங்கன்னுதாண்ணே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னாரு. அந்த வியாழக்கெழம சாயங்காலம் ஒங்களுக்குத்தான் மொதல்ல போன் போட்டாராம். நீங்க எடுக்கலைன்னு எனக்குப் போட்டாரு. அன்னைக்கு அவ்வளவு சந்தோசமாப் பேசுனாருண்ணே. 'கந்தன் காட்டிக் குடுத்த மாதிரியே சாக்க நனைச்சு அடைச்சுட்டேன் புள்ள, ஒரு பொட்டுக் காத்து வரல. கங்கு வச்சிருக்கேன், அறை கதகதன்னு இருக்கு, இன்னைக்குத்தான் நல்லாத் தூங்கப்போறேன்'னாரு. 'கந்தனப் பாத்தா சொல்லு, அவன் புத்திதான் என்னையக் காப்பாத்துது'ன்னாரு. நான்தான் மறந்துட்டேன்."

சொல்லிவிட்டு அவர் கந்தவேல் அண்ணனைக் கும்பிட்டார். உண்மையாகவே இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டார். எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

இனிமேல் அண்ணன் சொல்ல மாட்டார் என்றுதான் நினைத்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னார். புதன்கிழமை முதலாளி சொன்னதைச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நேரில் போய் முகத்தைப் பார்த்துச் சொல்லலாம் என்று வைத்திருந்ததைச் சொன்னார். உளறிவிடுவோம் என்று வியாழக்கிழமை போனை எடுக்காததையும் சொன்னார்.

பிச்சையம்மாள் திட்டவில்லை, அழவும் இல்லை. கும்பிட்ட கையை இறக்கவும் மறந்து அப்படியே உட்கார்ந்திருந்தார். அப்புறம் மெதுவாகக் கேட்டார்.

"ஒரு போன்தானண்ணே?"

கந்தவேல் அண்ணன், "ஆமா தங்கச்சி" என்றார்.